சென்சார் எண்ணிய நூறு

கும்மிடிப்பூண்டி
14-6-2007

அன்புள்ள நைனாவுக்கு இளமதி வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் சுகம்.

நீங்கள் வேர்க்கடலை விதைக்க வாடகைக்குச் சொல்லியிருக்கும் விதைப்புக் கருவி எங்கள் கம்பெனியில்தான் தயாராகிறது. ஒவ்வொரு விதையாக எடுத்து, ஒரே இடைவெளியில் போட வேண்டும். செவ்வாயன்று சோதித்தபோது அதன் சென்சார் நூறு விதை விழுந்ததாகக் காட்டியது. எனக்குச் சந்தேகம் வந்து கையால் எண்ணினேன். எண்பத்தெட்டுதான் இருந்தது. உதிர்ந்த கடலைத் தோலையும் விதையென்று எண்ணியிருக்கிறது.

சூப்பர்வைசர் தணிகாசலத்திடம் காட்டினேன்.

"இன்னாமா, மிஷினவிட உனுக்கு அதிகமா தெரியுமா? சோதனச் சீட்டுல கையெழுத்து போட்டுட்டு போ."

"எங்க நைனா நெலத்துக்கும் இதான் சார் வருது. போட மாட்டேன்."

மறுநாளே என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். கவலை வேண்டாம், உட்கார்ந்து செய்யும் வேலைதான். ஆனால் அந்தக் கருவி நம் பள்ளிப்பட்டுக்கு வரும் லாரியில் ஏறியபோது சோதனைச் சீட்டைப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சீட்டை நம்பாதீர்கள். முதல் சாலிலேயே மண்ணைக் கிளறி விதையை எண்ணிப் பாருங்கள்.

வருகிறவர்களிடம் கொஞ்சம் மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். இரண்டு நாளாக என் பக்கத்தில் யாரும் சாப்பிட உட்காருவதில்லை. ஊறுகாய் இருந்தால் ஒருத்தியாவது வருவாள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
இளமதி