தர்ஷன் மிச்சம் வைத்த கேக் உருண்டை

என் செல்ல அக்கா,

தர்ஷன் சோறு சாப்பிடுகிறான். வேறு எதையும் சொல்வதற்கு முன்னால் இதை உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொல்லிவிட்டேன். இனி மெதுவாக எழுதுகிறேன்.

நீ போன பிறகு உனக்குக் கொள்ளி வைத்ததும் அவன்தான், ஆற்றங்கரையில் காரியம் செய்ததும் அவன்தான். ஆறு வயசுப் பிள்ளை. அன்றிலிருந்து அவன் சோற்றைத் தொடவில்லை அக்கா. இட்லி தின்பான், தோசை தின்பான், பிஸ்கட் கொடுத்தால் வாங்கிக்கொள்வான். சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்கிட்டே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். பள்ளிக்கூடத்துச் சத்துணவும் தட்டில் அப்படியே இருக்கிறது என்று டீச்சர் சொல்லி அனுப்பினார்கள். கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினாள். மாமா தன் மகனைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ஒருநாள் மாமா பொறுக்க முடியாமல் அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டார். பிறகு வெளியே போய் வண்டிமேல் உட்கார்ந்துகொண்டு அழுதார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவரிடம் நான் ரெண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை என்று உனக்குத்தான் தெரியுமே. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டதும் பேசத் தெரியாமல்தானே? அவருக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல?

இதற்கு நடுவில் உன் பொண்ணு தன்யாவின் பிறந்தநாள் வந்தது. கேக் கேக் என்று ஒரே அழுகை.

"வருஷம் திரும்பாத வூட்டுல கேக்கு வெட்டறதாடி? ஊரு இன்னா பேசும்?" என்றாள் அம்மா.

"வெட்ட வேணாம்மா. உருண்ட பண்ணி குச்சில சொருவிக் குடுக்கறேன். ஃபோன்ல பாத்தேன்."

அம்மா வாளியை எடுத்தாள். "வெட்டலன்னா ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

டவுன் பஸ் ஏறி கச்சிராயபாளையம் போனேன். அங்கே பேக்கரியில் கேக்குக்கு வடிவம் வெட்டும்போது விழுகிற ஓரங்களைப் பொட்டலமாகக் கட்டி வைத்திருப்பார்கள். அதில் ரெண்டு, சாக்லேட் கட்டி ஒன்று, கலர் ஜீரக மிட்டாய், ஐஸ் குச்சி எல்லாம் வாங்கி வந்தேன். கடைக்காரரிடம் நானே வாய் திறந்து கேட்டேன், நம்புவாயா?

சமையல்கட்டில் பாயை விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தேன். கேக்கை உதிர்க்கிற வேலை தர்ஷனுக்கு. ரவை மாதிரி அழகாக உதிர்த்தான். ஜீரக மிட்டாய்க்குக் காவல் தன்யா. காவலிலேயே பாதி தீர்ந்துவிட்டது.

"சித்தி, இவ துன்னுக்கினே இருக்கா!"

"நா ருசி பாக்கறேன்டா, லூசு."

அவன் சிரித்தான் அக்கா. நான் உதிரியில் கொஞ்சம் பால் தெளித்துப் பிசைந்து உருட்ட ஆரம்பித்தேன். தட்டு போதவில்லை. கைக்குக் கிடைத்த வாழையிலையில் மூன்று உருண்டைகளை வரிசையாக வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் தர்ஷன் சிரிப்பு நின்று, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"இது அம்மாக்கா சித்தி?"

"இல்லடா, நமக்குத்தான்."

"அன்னிக்கும் நமக்குன்னுதான் நெனச்சேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பசிச்சிது சித்தி. காலைலேர்ந்து யாருமே ஒண்ணும் குடுக்கல. கையில ஒட்டிக்கினு இருந்த சோத்தத் துன்னுட்டேன். காரியம் பண்ண வெச்ச தாத்தா, டேய் அது உங்கம்மா சாப்பாடுடா, நீ துன்னலாமான்னாரு. அப்பறம் ரொம்ப நேரம் காக்காவே வரல. அம்மா பசியோட போயிடுச்சி."

அப்போதுதான் உறைத்தது. காரியம் முடிகிறவரை பிள்ளையை வெறும் வயிற்றோடுதான் வைத்திருந்தோம். பிண்டம் உருட்டி இலையில் வைத்த பிறகு காக்கா வெகுநேரம் வரவில்லை. "அவளுக்கு மனசு ஆறல" என்று யாரோ சொல்ல, எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். கீழே நின்ற பிள்ளையை ஒருத்தரும் பார்க்கவில்லையே. இத்தனை மாசமாக உன் சாப்பாட்டைத் தின்றுவிட்டோம் என்று அவன் தனியாகச் சுமந்திருக்கிறான்.

என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகப் பேசியது.

"டேய், உங்கம்மா என்னிக்காச்சும் உனுக்கு முன்னாடி சாப்புட்டிருக்கா? நீ துன்னுட்டு மிச்சம் வெக்கிறததான தட்டோட எடுத்துக்கும்?"

தலையாட்டினான்.

"அன்னிக்கும் அப்பிடித்தான்டா. புள்ள பசியா கீறானேன்னு காத்துக்கினு இருந்துது. நீ வாயில வெச்சப்பறந்தான் வந்துது. காக்கா கடைசில வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சி." இலையை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நெஜமா சித்தி?" என்றான்.

"நெஜந்தான்டா."

அது என் குரல் இல்லை. மாமா. வேலை முடிந்து வந்தவர் கதவருகே எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ.

தர்ஷன் பின்னால் வைத்திருந்த கையை மெல்ல முன்னால் கொண்டுவந்தான். நான் உருக்கிய சாக்லேட்டில் குச்சி நுனியைத் தோய்த்து உருண்டையில் சொருகிக் கொடுத்தேன். அவனே சாக்லேட்டில் முக்கிச் சுழற்றி எடுத்தான். தன்யா பெரிய மனசு பண்ணி ஜீரக மிட்டாய் தூவினாள். சாக்லேட் காயக்கூட இல்லை, கடித்துவிட்டான். பாதி தின்றுவிட்டு குச்சியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தான்.

மாமா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "இன்னாடா மிச்சம் வெச்சிருக்க? குடு இப்படி" என்று வாங்கி ஒரே வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐய, அப்பா மீசைல கலர் கலரா எறும்பு!" என்று தன்யா கத்தினாள். பின்கட்டிலிருந்து ஓடிவந்த அம்மாவும் சிரித்தாள். நம் வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று? உனக்குக் கேட்டிருக்குமா?

மறுநாள் மத்தியானம் நான் ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். ஸ்பூனை எடுக்கப் போனவளிடம் தர்ஷன், "வேணாம் சித்தி, உருட்டிக் குடு" என்றான். முதல் வாய் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். ரெண்டாவதுக்கு அவனே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். மாமா அன்று லோடு ஏற்றிக்கொண்டு உளுந்தூர்பேட்டை போயிருந்தார். ஃபோன் போட்டுச் சொன்னேன். ஆமாம், நானேதான். லாரிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு, "சரிம்மா" என்றார்.

தை பிறந்தால் உனக்கு வருஷ தெவசம் வரும். மறுபடி தர்ஷன்தான் உட்கார வேண்டும். அக்கா, அன்று காலையில் அவனுக்கு வயிறு நிறைய ஊட்டிவிட்டுத்தான் ஆற்றங்கரைக்கு அனுப்புவேன். காரியம் முடியாமல் பிள்ளைக்குச் சாப்பாடு போடலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அத்தனை பேருக்கும் நடுவில் நான் நின்று பதில் சொல்வேன். அன்றைக்கு உன் சாப்பாடு கொஞ்சம் தாமதமானாலும் நீ கோபித்துக்கொள்ள மாட்டாய், தெரியும்.

உன் பிள்ளைகளுக்குச் சித்தி, உனக்கு என்றைக்கும் தங்கச்சி,
பவி