உருளியின் விளிம்பில் நிற்கும் கடல்

என் கண்ணான தம்பி ஞானமுத்துவுக்கு,

நீ பாடம் தயாரிக்கும் மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உட்கார்ந்து என்பது பாதிப் பொய். நாலு வரிக்கு ஒரு தடவை எழுந்து போய், வராந்தாவில் வைத்திருக்கும் வெண்கல உருளியைப் பார்த்துவிட்டு வருகிறேன். எழுதி முடித்ததும் சபைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் அதைத்தான் வாங்கிப் படிக்கிறார்கள்.

வீட்டுச் செய்தி முதலில். உன் பெண்சாதி கிருபை இப்போது எங்கள் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்கிறாள். இரண்டு வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்றால், நான் பக்கத்தில் இருந்தால் சாப்பிடுகிறாள். பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் அவளை இன்னமும் 'ஐஸ் வாத்தியார் பெஞ்சாதி' என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுகிறாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

கொற்கையில் கிணறு வெட்டிய இடத்திலிருந்து நீ மடியில் கட்டிக்கொண்டு வந்த சிப்பியும் சங்கும் ஜன்னல் விளிம்பில் அப்படியே கிடக்கின்றன. கடலை விட்டு இத்தனை மைல் தள்ளி, இரண்டு ஆள் ஆழத்தில் இதெல்லாம் எப்படி வந்தது என்று ஊரில் ஒருவரையும் நீ விட்டுவைக்கவில்லை. நோவா காலத்து வெள்ளம் என்றார் உபதேசியார். உனக்கு அது போதவில்லை. வாசகசாலையில் கிடந்த பழைய இங்கிலீஷ் சஞ்சிகைகளைப் புரட்டிப் புரட்டி ஒருநாள் சோறு ஆறிப்போகும்வரை எனக்கு விளக்கினாய். வெகு காலத்துக்கு முன்பு துருவங்களில் பனி இன்னும் பல மடங்கு இருந்ததாம், தேசம் தேசமாக மூடிக் கிடந்ததாம். அந்தப் பனி முழுக்கக் கடலிலிருந்து போன தண்ணீராம். அதனால் அப்போது கடல் வற்றி இறங்கி நின்றது, இங்கேயிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம், பிறகு பனி உருகி ஓட ஓடக் கடல் ஏறிவிட்டது என்றாய். சாம்பாரை ஊற்றிக்கொள் முதலில் என்று சொன்னேன்.

இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் இல்லை.

போன வருஷம் பள்ளிக்கூடத்து விசேஷத்தன்று நடந்ததை உனக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எனக்கு எழுத வேண்டியிருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் சொல்லிவைத்து, உமியிலும் சாக்கிலும் பொதிந்து, ரயிலில் மடிமேல் வைத்து ஒரு பனிக்கட்டி கொண்டுவந்தாய். பனிக்கட்டியைக் கண்ணால் கண்டவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்? நீயும் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொட்டாய். இதே உருளியில் அதைப் போட்டாய். விளிம்பு தட்டத் தண்ணீர் ஊற்றினாய். துருவத்துப் பனி உருகும்போது கடல் இப்படித்தான் பொங்கும், கீழே வழிவதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாய்.

பனிக்கட்டி மிதந்தது, சிறுத்தது, காணாமல் போனது. ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. பெரிய வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"கடல் எங்க வே பொங்குது?" என்றார்.

கூட்டம் முழுக்கச் சிரித்தது. தம்பி, நானும் சிரித்தேன். நீ திரும்பி என்னைத்தான் பார்த்தாய்.

அதற்கப்புறம் அந்தப் பாடத்தை நீ எடுக்கவில்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து படுத்தபோது, கிருபை நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருக்க, என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாய்.

"அக்கா, தண்ணி ஏன் ஏறல? நான் எங்கன தப்பு பண்ணுனேன்?"

பேசாமல் தூங்குலே என்றேன். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். இந்த ஒரு கேள்வியோடு எத்தனை மாதம் நடமாடினேன் தெரியுமா? சமைத்தால் அது, வகுப்பில் நின்றால் அது.

பதில் கிடைத்த இடத்தைச் சொன்னால் நீயே சிரிப்பாய். நம் கொல்லைப்புறத்துத் தண்ணீர்த் தொட்டி. தொட்டி நிரம்பி நின்றது. அரைக் குடம் தண்ணீரோடு பித்தளைக் குடம் அதில் மிதந்துகொண்டிருந்தது. வழிந்துவிடுமே என்று பயந்துகொண்டே குடத்தைச் சாய்த்து அந்தத் தண்ணீரைத் தொட்டியிலேயே கொட்டினேன். வழியவில்லை. காலிக் குடம் மேலெழும்பி மிதந்தது, தண்ணீர் நின்ற மட்டத்திலேயே நின்றது. உன் பனிக்கட்டி மாதிரி, குடத்துத் தண்ணீரும் உள்ளே மிதந்தபோதே தன் இடத்தைப் பிடித்துக்கொண்டாயிற்று, பிறகு எப்படி ஏறும்? அடுத்து, தொட்டிச் சுவரின்மேல் தண்ணீரோடு நின்ற இன்னொரு குடத்தை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தேன். தொட்டி வழிந்து புடவை முழுக்க நனைந்தது. நனைந்த புடவையோடு ஓடிவந்து உன் நோட்டைத் திறந்தேன்.

உன் கையெழுத்தில்தான் இருக்கிறது, தம்பி. 'துருவங்களில் தரையின்மேல் மலையாகக் குவிந்த பனி.' 'தரையின்மேல்' என்பதற்கு அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறாய். கோடு போட்ட கையே பனிக்கட்டியைத் தூக்கித் தண்ணீரில் போட்டிருக்கிறது. ஒரு கல். உருளிக்கு நடுவில் ஒரு கல் வைத்திருந்தால் போதும். இதற்காகவா நீ அவ்வளவு குமைந்துபோனாய் என்று அன்றைக்கு அழுத அழுகை கிருபைக்குத்தான் தெரியும்.

கொற்கை விஷயத்தில் மட்டும் உன்னை முழுசாக விடமாட்டேன். கடல் அங்கே வந்ததற்குப் பனி காரணமாக இருக்கலாம். அது விலகிப்போனது நம் தாமிரபரணி மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டிக் கொட்டித் தூர்த்ததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ இருந்தால் இதற்கு ஒரு வாரம் சண்டை போடுவாய். போட வந்தால்தான் என்ன?

இன்று காலை வண்டியில் பனிக்கட்டி வந்தது. மணியாச்சியில் ரயில் மாறுவதற்குள்ளேயே பாதி உருகிவிட்டதாம், மீதி இரண்டு தேங்காய்ப் பருமன். உருளிக்கு நடுவில் ஆற்றங்கரைக் கருங்கல்லை வைத்து, விளிம்பு தட்டத் தண்ணீர் ஊற்றி, கல்லின் தலையில் அதை ஏற்றியிருக்கிறேன். ஒரு துளி விழுந்தாலும் தெரியும்படி சுற்றிலும் தேரிக்காட்டுச் செம்மணலைக் காயவைத்துத் தூவியிருக்கிறேன். பெரிய வாத்தியாரை நானே போய்க் கூப்பிட்டேன். குடையை மடக்கி வைத்துவிட்டு, வராந்தாவில் கிடக்கும் உன் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். கிருபை கண்ணை எடுக்காமல் நிற்கிறாள். காலையில் அவள் சொன்னது காதிலேயே இருக்கிறது. "அவுக சொன்னது பொய்யில்லன்னு ஒரு தடவ கண்ணால பாத்துட்டா போதும் மதினி. பொறவு யாரு என்ன சொன்னாலும் நிமிந்து நடந்துருவேன்."

மறுபடியும் போய்ப் பார்த்தேன். விளிம்புக்கு மேலே தண்ணீர் உப்பிக்கொண்டு நிற்கிறது, விழமாட்டேன் என்கிறது. பனிக்கட்டி இப்போது ஒரு கை அளவுதான். போதாமல் போய்விட்டால்? தண்ணீரை ஒரு விரற்கடை குறைத்து ஊற்றிவிட்டேனோ?

பெரிய வாத்தியார் பொறுமை இழந்துவிட்டார். "கல்லு மேல வச்சா சொட்டத்தானம்மா செய்யும்? இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" என்றார்.

"துருவத்துலயும் கடல ஏத்துற பனி தரை மேலதான் ஐயா இருக்கு," என்றேன். "தம்பி நோட்டுல எழுதியிருக்கான்."

நோட்டைக் கேட்டார். கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இரண்டு கோடு போட்ட வரியில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். கிருபை கூப்பிடுகிறாள்.

விழுந்துவிட்டது, ஞானமுத்து. முதல் சொட்டு விழுந்த இடத்தில் மண் கறுத்தது, பிறகு ஒரு பக்கமாக வழியத் தொடங்கிவிட்டது. கிருபை மண்டியிட்டு அந்த ஈர மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பெரிய வாத்தியார் எழுந்து நின்றார். உன் காலி நாற்காலியைப் பார்த்து, "நீரு சொன்னது சரிதான் வே," என்றார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் நிற்கும்வரை ஒவ்வொரு வருஷமும் இந்தக் கல்லையும் உருளியையும் வைத்து இந்தப் பாடத்தை எடுப்பேன். உன் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவேன். அதற்கும் முன்னால், அன்றைக்கு நான் சிரித்ததைச் சொல்வேன்.

உன் கேள்விக்குப் பிந்திப் பதில் கொண்டுவந்த
உன் அக்காள்