கஸ்தூரி படியேறவில்லை

ஜெயா,

இந்தக் காலத்தில் எவரும் நேராக வந்து சண்டை போடுவதில்லை. மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு தன்மையாகப் பேசுகிறார்கள். நீ தூங்கும்போது தர்ஷினியின் அம்மா கஸ்தூரி வந்தாள். பிள்ளை ஏரியில் விழுந்து செத்ததற்கு உன்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று வாசலை மறித்து நின்றேன். சாவு வீட்டுக்காரி, அவளும் படியேறவில்லை.

"இன்னிக்கு சாயங்காலம் பாப்பாவுக்குப் படையல். அது எப்பவும் எங்க டீச்சர், எங்க டீச்சர்னே இருக்கும். டீச்சர் வந்து வெளக்கு ஏத்தணும் பெரியப்பா" என்றாள்.

"நோட்டு எடுத்துனு வான்னு பாப்பாவ வூட்டுக்கு அனுப்னது எம்பொண்ணுதான். தெரியுமில்ல?" என்று கேட்டேவிட்டேன்.

"தெரியும். தெரிஞ்சிதான் வந்தேன்."

அவள் காலில் விழப்போகிறேன் என்று நேற்று நீ அழுதபோது போகக் கூடாது என்று கத்தினேன். இப்போதும் அதேதான். அங்கே பத்துப் பேர் இருப்பார்கள், ஒருத்தி வாயைத் திறந்தால் போதும்.

பழைய சோறும் சுட்ட கருவாடும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிடு. அடுப்படியில் நின்று வாசலைப் பார்த்து "உள்ள வாம்மா" என்று கூப்பிடாதே. நேற்று சாயங்காலம் பாப்பா குரலில் 'டீச்சர்' என்று எனக்கும் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை.

அப்பா

போவதென்றால் ஏரிக்கரை வேண்டாம், ரோட்டு வழியாகப் போ. எண்ணெயும் திரியும் உன் ஸ்கூல் பையில் வைத்திருக்கிறேன். அவளை நான் இன்னும் நம்பவில்லை. கழனிக்குப் போகிறேன்.