சீயக்காய் போட்டுக் கழுவிய மணல்

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புது வார்டு கட்டுவதற்கு மணல் கொண்டுவந்து கொட்டினார்கள். வழியோடு போகிறவன் போகவேண்டியதுதானே? குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். சேறு கலந்த ஆற்று மணல். "இது ஆகாது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கொத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரியவரே, சுவர் எழுப்பத்தானே மணலு? சமைச்சா சாப்பிடப் போறோம்?" என்றார். சிரித்துக்கொண்டே கையைத் தட்டிவிட்டு வந்தேன். அரிசியைவிடச் சுத்தமாக மணலைக் கழுவிய ஒருத்தியோடு நான் குடித்தனம் நடத்தியவன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் இதை உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எழுத்துத் தெரியாது. நீ இருந்திருந்தால், "எங்கிட்ட சொல்றத வாயால சொல்லுங்க, எதுக்கு மையைக் கொட்டுறீங்க?" என்றிருப்பாய். நீ போன பிறகு வாயால் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டார் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஆகவே மைதான்.

இந்த மலாய் நாட்டில் ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. நம் தோட்டத்தில் பாதி மரங்களுக்குப் பால்வெட்டு நின்றுபோய், கூலி வரிசை வீடுகளை லயம் லயமாகக் காலி செய்து, ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. நான் வாலிப வயதில் வந்தவன். தஞ்சாவூர்ப் பக்கம் அண்ணன் இருந்தார். என்றைக்கோ ஒரு நாள் திரும்பப் போகிறவன் என்றுதான் என்னை நான் நினைத்திருந்தேன். நீயோ அந்த லயத்திலேயே பிறந்தவள்.

கங்காணி நம் இருவர் பேரையும் கப்பலுக்குக் கொடுத்துவிட்டார் என்று நான் வந்து சொன்னபோது, நீ அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "உங்களுக்கு அது ஊருக்குத் திரும்புறது. எனக்கு? கண்ணால பாக்காத எடத்துக்கு நான் எதுக்குங்க போவணும்? எங்கம்மா அப்பாவ இங்கதான் பொதைச்சிருக்கு" என்றாய். உன் குரல் உயரவே இல்லை. நீ சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன்.

மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு மெர்சிங் பட்டணத்துக்கு நடந்தாய். ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரையின் முன்னால் போய் நின்று, வேலை கொடுங்கள் என்று மலாயில் நீதான் கேட்டாய். என் மலாய் அப்போது கடையில் உப்பு வாங்கும் அளவுக்குத்தான். துரையிடம் வேலை இல்லை. ஆனால் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகள் சுவரையே பார்த்துக்கொண்டு மருந்து வேண்டாம் என்று அழுகிறார்களாம். பிள்ளைகள் வார்டின் வராந்தாவில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, கடல் மீன்களை உயிரோடு விட வேண்டுமாம். சீனத் தச்சர் இரும்புச் சட்டம் கட்டிக் கண்ணாடி பொருத்தித் தொட்டியைச் செய்து முடித்துவிட்டார். மணலும் கடல் தண்ணீரும் கொண்டுவந்து அதை உயிர் வாழும் இடமாக்க ஆள் வேண்டும். ஜொகூர் பாருவிலிருந்து பெரிய டாக்டர் பார்வையிட வரப்போகிறார், அதுவரை பின்கட்டில் தங்கிக்கொள்ளுங்கள், அவர் வரும்போது மீன்கள் உயிரோடிருந்தால் தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தர வேலை கேட்டு வாங்கித் தருகிறேன் என்றார். இல்லையென்றால் தன்னால் ஒன்றும் ஆகாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

வெளியே வந்ததும், "மீன் பொழைச்சா நாமளும் இங்க பொழைச்சோம்" என்றாய். மீன் குழம்பு கொதிக்கும் வாசனைக்கே முந்தானையால் மூக்கை மூடுகிறவள் நீ. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

முதல் மணலை ஆற்று முகத்துவாரத்திலிருந்து நான் சுமந்து வந்தேன். நீ ஒரு பிடியை வாளித் தண்ணீரில் போட்டாய். "புளி கரைச்ச மாதிரி இருக்கு. கொண்டு போய் வாழைக்குப் போடுங்க" என்றாய். அத்தோடு என் உழைப்புக்கு மங்களம். பிறகு மீன்பிடிப் படகுக்காரர் பாக் மாட்டிடம் பேசி, தீவுக் கரையிலிருந்து வெள்ளை மணல் எடுத்துவரச் செய்தாய். பவளத் துண்டும் சிப்பி உடைசலுமாக, பச்சரிசிக் குருணை போலிருந்தது அது.

நீ அதைக் கழுவிய அழகை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சல்லடையில் சலித்தாய், முறத்தில் போட்டுப் புடைத்தாய். பிறகு அகன்ற சட்டியில் தண்ணீர் விட்டு அரிக்க ஆரம்பித்தாய். அரிசி அரிக்கும்போது கல் அடியில் நிற்கும், அரிசி மேலே ஓடிவரும். நீ அதைத் தலைகீழாக மாற்றினாய். வேண்டியதை அடியில் நிறுத்தி, வேண்டாததை மேலாக ஓடவிட்டாய். நம் வீட்டுச் சோற்றில் எனக்கு ஒரு நாளும் கல் கடிபட்டதில்லை. அந்தக் கை மணலில் இறங்கினால் சும்மா விடுமா? கலங்கல் நின்று, சட்டியின் அடி பளிச்சென்று தெரியும்வரை நீ எழுந்திருக்கவில்லை.

அத்தோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. மணல் சுத்தமாகிவிட்டது, கடல் வாசனை மட்டும் போகவில்லை. "சீக்காளிப் புள்ளைங்க படுத்திருக்கிற எடத்துல இந்தக் கவிச்சி நாத்தத்தையா கொண்டு போய் வைக்கிறது?" என்றாய். வெள்ளிக்கிழமைத் தலைமுழுக்குக்கு இடித்து வைத்திருந்த சீயக்காயை எல்லாம் கரைத்து மணலில் ஊற்றி, தலைக்குத் தேய்ப்பது போலத் தேய்த்தாய். பிறகு அலசி வெயிலில் உலர்த்தினாய். அடடா, அந்த மணல்! வெள்ளிக்கிழமைக் காலைக் கூந்தல் போல மணந்தது. இப்படி ஒரு மணலை ஜொகூரிலேயே எவனும் பார்த்திருக்க மாட்டான் என்று நான் வேறு பாராட்டினேன்.

தொட்டியில் மணலைப் பரப்பிக் கடல் தண்ணீரை ஊற்றியதும் ஓரங்களில் மெல்லிய நுரை கட்டியது. அலையில் இல்லாத நுரையா என்று விட்டுவிட்டோம். பாக் மாட் வாளியில் கொண்டுவந்த வரி மீன்களை விட்டோம். மாலைக்குள் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காலையில் எல்லாம் மல்லாந்து மிதந்தன.

துரை வந்து பார்த்தார். கண்ணாடி ஓரத்து அடைப்புப் பசையைச் சுரண்டி மோந்தார். தச்சர் ஏதோ கெட்ட எண்ணெயைக் கலந்துவிட்டார், ஆளனுப்பி அவரைக் கூப்பிடுங்கள் என்று கத்தினார். நமக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? பேசாமல் நின்றால் போதும், பழி அவர் தலையோடு போய்விடும். நான் மூச்சு விடுவதற்குள் நீ முன்னால் போய் நின்றாய். "புக்கான் டியா, துவான். சயா" என்றாய். அவரில்லை துரை, நான். எதைப் போட்டாய் என்று அவர் கேட்க, மிச்சமிருந்த சீயக்காய்த் தூளைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தாய். நம் வேலை, நம் இருப்பு, உன் அம்மா அப்பாவின் சமாதி எல்லாம் அந்தப் பொட்டலத்தோடு போகிறது என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தாய். என் வாழ்நாளில் நான் மிகவும் பெருமைப்பட்ட நிமிஷம் அதுதான். அதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை, சொன்னால் "வேலையைப் பாருங்க" என்பாய்.

வாளியை எடுக்க வந்த பாக் மாட், தூளைத் தண்ணீரில் கரைத்து நுரையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அலமாக்! இனி மாச்சம் தூபா லா!" என்றார். காட்டு ஓடைகளில் அவர்கள் தூபா என்ற வேரை நசுக்கி விட்டு மீனை மயக்கிப் பிடிப்பார்களாம், நீ செய்ததும் அதே வேலைதான் என்றார். துரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, பெரிய டாக்டர் வரும் நாள் மாறாது, அதற்குள் உன்னால் ஆனதைச் செய் என்று சொல்லிப் போனார்.

புது மணல் எடுத்துவரலாம் என்றால் வாடைக்காற்று தொடங்கிவிட்டது. தீவுப் பக்கம் படகு போகாது. நல்ல தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் கையால் அடித்தால் நுரை எட்டிப் பார்த்தது. சட்டியின் முன்னால் உட்கார்ந்து நீ கொஞ்ச நேரம் அழுதாய். "என் சுத்தமே எனக்கு எமனா வந்திருச்சு" என்றாய். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், வேறென்ன செய்ய? பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாய். "கடல்ல இருந்து வந்தத நான் என்ன கழுவுறது? அதுவே கழுவிக்கட்டும். சாக்கு எடுங்க" என்றாய்.

உன் பழைய புடவைத் துணியைச் சாக்குக்குள் உள்பையாகத் தைத்து, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வாகக் கட்டினாய். படகுத்துறைக் கால்களில் நான் அவற்றை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டேன். கடல் ஏற்றத்தில் முழுகும், வற்றத்தில் வெளியே தொங்கும். ஒவ்வொரு வற்றத்துக்கும் நீ சேற்றில் இறங்கி மூட்டைகளைப் பிசைந்து புரட்டிவிட்டு வந்தாய். வலை உலர்த்துகிறவர்கள் எல்லாம், இந்தக் கிளிங் அம்மாவுக்கு, தமிழச்சிக்கு, புத்தி கெட்டுவிட்டது, கடலுக்குள் மணலை ஊறப் போடுகிறாள் என்று வேடிக்கை பார்த்தார்கள். நீ அவர்களிடமே மலாயில் பேசி, ஒரு மூட்டை அவிழ்ந்தபோது அவர்களையே கட்ட வைத்தாய்.

கடைசியில் ஒரு நாள் மூட்டையைப் பிரித்து மணலை அள்ளி முகர்ந்தாய். "நாறுதுங்க!" என்று கூவினாய். சுத்தமான கடல் நாற்றம். பிள்ளை பிறந்த சேதி கேட்டவள் போல் உன் முகம் மலர்ந்தது. மீன் வாசனைக்கு மூக்கை மூடியவளா இவள் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆனாலும் நீ அவசரப்படவில்லை. அந்த மணலை முதலில் ஒரு வாளியில் போட்டுச் சின்ன இறால் குஞ்சுகளை விட்டுப் பார்த்தாய். அவை துள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் தொட்டியைத் தொட்டாய். பழைய தண்ணீரை இறைத்துக் கண்ணாடியை வெறும் கடல் தண்ணீரால் துடைத்தாய். மணலை முன்பக்கம் தாழ்வாகவும் பின்பக்கம் உயர்வாகவும் பரப்பி, நடுவில் ஒரு பீங்கான் தட்டை வைத்தாய். தண்ணீரைத் தட்டின் மேல் மெல்ல ஊற்ற, அது வழிந்து பரவியது. மணல் ஒரு துளிகூடக் கலங்கவில்லை. பாக் மாட் கரையோரத்தில் வலை வீசிப் பிடித்த மீன்களைக் கொண்டுவந்தார். மூச்சுக்குக் காற்று வேண்டும் என்று, காப்பி ஆற்றுவது போலக் குவளையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தாய்.

பெரிய டாக்டர் வந்த அன்று, கட்டிலை விட்டு எழ முடிந்த பிள்ளைகள் எல்லாம் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். மருந்துக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே மீனைப் பார்த்துக் குடித்துவிட்ட ஒரு பயல், இன்னொரு கிண்ணம் கேட்டான். பெரிய டாக்டர் குனிந்து பார்த்து, "பகுஸ், பகுஸ்" என்றார், நன்று நன்று என்று. பிறகு நிமிர்ந்து, நீயா செய்தாய் என்று என்னைக் கேட்டார். நான் உன்னைக் காட்டினேன். சேற்றில் நின்று நின்று வெடித்த உன் பாதங்களை அவர் பார்த்தார். அப்புறம் துரையிடம் ஏதோ சொன்னார். வேலை உனக்கு. எனக்குத் தோட்ட வேலை, அதுவும் உன்னோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான்.

அந்த வேலையில் நீ எத்தனை மழைக்காலம் பார்த்தாய்! மீன் செத்தால் புது மீன், பாசி பிடித்தால் புது மணல், அதையும் படகுத்துறையில் கட்டித்தான் எடுத்தாய். வார்டுப் பிள்ளைகள் உன்னை மீன் ஆயா, மீனாயா என்றார்கள். பிறகு புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர்களும் அப்படியே கூப்பிட்டார்கள், பிறகு கடைவீதியே கூப்பிட்டது. உன்னை உன் அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்த அன்று, பாக் மாட் தன் ஆட்களோடு வெகுதூரம் நடந்து வந்திருந்தார்.

நீ போனபின் அண்ணன் ஆளிடம் சொல்லியனுப்பினார், இனி அங்கே என்ன இருக்கிறது, வந்துவிடு என்று. நான் போகவில்லை. அங்கே போனால் நான் அவருக்குத் தம்பி, அவ்வளவுதான்.

போன மழையில் எனக்கும் காய்ச்சல் கண்டு அதே ஆஸ்பத்திரியில் படுத்தேன். புதிதாக வந்த டிரெஸ்ஸர் பலகையும் சுண்ணாம்புக் கட்டியுமாக வந்து பேர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கட்டில்காரர் முந்திக்கொண்டார். "இவரா? நம்ம மீனாயா வீட்டுக்காரரு." டிரெஸ்ஸர் அதையே எழுதித் தலைமாட்டில் மாட்டிவிட்டார். என் அப்பா எனக்கு வைத்த பேர் ஒன்று இருக்கிறது, நல்ல பேர்தான். திருத்தச் சொல்லவில்லை. காய்ச்சல் விடும்வரை அந்தப் பேருக்குக் கீழேயே படுத்திருந்தேன்.