முப்பதாவது பேட்டி

2025 ஜனவரி 6, திங்கள். காலை 5.40. எடுத்த பேட்டிகள்: இருபத்தொன்பது. தேவை: முப்பது.

முப்பதாவது ஆள் இப்போது வாசலில் ஜீப்பை உறுமவிட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா. பெயர் அருள்சாமி, வேலை காப்பிப் பழம் சேகரிப்பது. தலைச்சோலை, கொட்டச்சேடு பக்கம் சின்னத் தோட்டக்காரர்களிடம் பழத்தை எடைபோட்டு வாங்கி, ஏற்காட்டு வியாபாரியிடம் இறக்குவார். பத்தொன்பது வருஷமாக.

எம்பிஏ பிராஜெக்டுக்கு என் மாடல் இது: பல்பரை மினி லாரியில் ஏற்றித் தோட்டக்காரர் வாசலுக்கே கொண்டுபோய், அங்கேயே பழத்தின் தோலை உரித்துவிடுவது. உரித்த கொட்டைக்கு விலை கூட. விலை அவரவர் போனிலேயே தெரியும். நடுவில் ஆள் வேண்டாம்.

பிசினஸ் மாடல் தாளில் ஒன்பது கட்டம். 'கூட்டாளிகள்' கட்டத்தில் 'பழம் சேகரிப்பவர்' என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அடித்தபோது ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மெக்கானிக்கல் படித்தவன். தேவையில்லாத பாகத்தைக் கழற்றுவது புதிதல்ல.

ஊட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 8

சேலம். வகுப்பு. சிவரஞ்சனி மேடம் என் இருபத்தொன்பது பேட்டிகளையும் புரட்டிப் பார்த்தார்கள். "இதெல்லாம் கேள்வி இல்ல மெல்வின். உன்னோட பதில். கடைசியில ஒரு கேள்விக்குறி போட்டிருக்க, அவ்வளவுதான்."

முப்பது இல்லாமல் பிசினஸ் போட்டியின் பைனலுக்கு விடமாட்டார்களாம். பைனலில் ஜெயித்தால் கல்லூரியே ஒரு வருஷம் இடமும் முதலும் தரும். தோற்றால் வேலை தேடும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

கேன்டீனில், கூடப் படிக்கும் எங்கள் ஊர் ஜெயபிரகாஷ் சத்தமாகவே கேட்டான்: "உங்கப்பாவத் தூக்கறதுக்காடா எம்பிஏ படிக்கிற?" எல்லோரும் சிரித்தார்கள். நானும். டீ ஆறியிருந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்து சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "கொட்டச்சேட்டுல வெள்ளையம்மா கேட்டாங்க. உங்க பையன் நோட்டை வெச்சுக்கிட்டு என்னமோ கேட்டுட்டுப் போனானே, என்னங்க படிக்கறாப்பலன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குத் தெரியாதுன்னேன்."

அம்மா குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டேன்.

ஜனவரி 20

வியாழன் சோதனை ஓட்டம், வாடகைக்கு எடுத்த லாரியும் பல்பருமாக. தலைச்சோலை, நாற்பத்தொரு வீடு. மெசேஜ் யாரும் படிப்பதில்லை. அதனால் என் குரலையே பதிவு செய்து, தானாகப் போன் போகிற மாதிரி வைத்துவிட்டேன். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு. ஒரு தரம் செட் செய்தால் போதும். மனுஷன் தொட வேண்டியதே இல்லை.

ஜனவரி 23, வியாழன்

வந்த பழம்: 0 கிலோ.

ஜனவரி 24

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று நாலு மணிக்குத் தலைச்சோலையில் லாரியை நிறுத்தினேன். யாரும் இல்லை. ஜனங்கள் வந்து பார்க்கட்டும் என்று பல்பர் எஞ்சினை ஓடவிட்டேன். டீசல் எஞ்சின், மலை முழுக்கக் கேட்கும். பத்து நிமிஷம் ஓடியது. யாரும் வரவில்லை. இறக்கத்திலிருந்து அப்பா மட்டும் ஏறி வந்தார். தோளில் துண்டு. கை முழுக்க விறகுத் தூசி.

"எஞ்சினை அணைச்சுடு சாமி. சத்தம் ஊட்டுக்குள்ள கேக்குது."

அந்த ஊர்த் தோட்டக்காரர் சின்னனின் அம்மா மருதாயி புதன் ராத்திரி இறந்திருக்கிறார்கள். சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் அந்த ஊரில் ஒருத்தரும் தோட்டத்தில் கை வைக்கமாட்டார்கள். எனக்குத் தெரியாதா? இதே மலையில, மஞ்சக்குட்டையிலதான பொறந்தேன். சின்ன வயசுலேர்ந்து தெரியும். ஒம்பது கட்டத்துல எதுல எழுதறது இதை? யாருமே கேக்கல, நானும் எழுதல.

அப்பா பழம் எடுக்கப் போகவில்லை. ஜீப்பில் விறகும் நாற்காலியும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

ஊட்டுக்கு வந்து கேட்டேன்: "சாவுன்னு தெரியுமில்ல, ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ அங்க போறேன்னு சொல்லலையே."

அவ்வளவுதான் பேச்சு. கோபம் வந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கை காது எல்லாம் யாருடையதோ மாதிரி இருக்கிறது.

ஜனவரி 27

சின்னன் ஊட்டுக்குப் போனேன். மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார்.

"அம்மாவக் குளிப்பாட்டறப்ப செல்லு அடிச்சுதுங்க தம்பி. யாரோ சொந்தக்காரங்களாட்ட இருக்குதுன்னு என் மச்சான் எடுத்து ஸ்பீக்கர்ல போட்டுட்டான். உங்க கொரலுங்க. 'வணக்கம், பழம் தயாருங்களா?'ன்னு."

என்ன சொல்வது? ஸாரியா?

"அழுதுட்டிருந்த பொம்பளைங்க ரெண்டு பேரு சிரிச்சுட்டாங்க. விடுங்க." பிறகு அவரே கேட்டார்: "வண்டி மறுக்கா எப்ப வருதுங்க? பழம் நொம்பப் பழுத்துப்போச்சு."

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. வண்டி வேண்டுமாம்.

"உங்கப்பாவும் கூட வருவாருங்களா?"

உண்மையாகவே தெரியவில்லை. நான் அப்பாவைக் கேட்டதே இல்லை.

பிப்ரவரி 1, சனி. காலை 10.

முப்பதாவது பேட்டி. இடம்: எங்கள் வாசல், ஜீப் பானட். மற்றவர்களிடம் கேட்ட அதே கேள்விகள்தான். அப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, போட்டோ எடுக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இந்த வேலையில் கஷ்டமானது எது?

முதுகு என்பார், ரோடு என்பார் என்று பாதி எழுதியே வைத்திருந்தேன்.

"வெலை சொல்றது. வியாபாரி காலையில போன்ல ஒரு வெலை சொல்லுவாரு. அதை என் வாயால சொல்லணும். நேத்தைக்கு விடக் கொறஞ்சா எல்லாரும் என் மூஞ்சியப் பாப்பாங்க, நாந்தான் கொறச்ச மாதிரி. பத்தொம்பது வருசமாப் பாக்கறாங்க."

பாதி எழுதியதை அடித்தேன்.

இந்த வேலை இல்லாமல் போனால்?

"வெலை சொல்லாம சும்மா போயிட்டு வரலாம்னா, போவேன்." பிறகு கையை நீட்டினார். "அந்தக் கட்டம் போட்ட தாளக் குடு. ஜெயபிரகாஷ் தம்பி சொல்லுச்சு. நான் எங்க இருக்கறேன்னு பாக்கறேன்."

அவனுக்கு வாய் நிற்காது. தாளைக் கொடுத்தேன். கண்ணாடி போடாமல் தூரப் பிடித்துப் பார்த்தார். அந்தக் கட்டத்தில் விரல் நின்றது.

"பேனாவுலயே அடிச்சிருக்கற."

மடித்துத் திருப்பித் தந்துவிட்டு ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மை போகவில்லை.

பிப்ரவரி 5, புதன்

பைனல் முடிந்தது. இரண்டாவது ஸ்லைடிலேயே 0 கிலோவைப் போட்டேன், காரணத்தோடு. கூட்டாளிகள் கட்டத்தில் ஒரு ஆள்: எந்த ஊருக்கு என்றைக்கு வண்டி போகலாம் என்று சொல்பவர். விலை போன் சொல்லும். அவர் சொல்ல வேண்டாம்.

நடுவர் ஒருவர் கேட்டார்: "நூறு ஊருக்குப் போனா நூறு ஆள் வெப்பீங்களா?"

"வைப்பேன் சார்."

"அப்ப இது பெருசாகாது."

இருக்கலாம். இடம் கிடைக்கவில்லை; வேறு குழுவுக்குப் போய்விட்டது. மேடம் நாற்பதுக்கு இருபத்தாறு போட்டு, முப்பதாவது பேட்டிக்குக் கீழே எழுதியிருந்தார்கள்: 'இது கேள்வி.'

பல்பர் இந்த மாதக் கடைசி வரை என்னிடம்தான். செய்ய வேண்டியவை:

1. தானாகப் போகும் போன் காலை அழிக்க வேண்டும்.
2. பல்பர் எஞ்சினுக்கு நல்ல சைலன்சர்.
3. வெள்ளிக்கிழமை மருதாயி அம்மாளுக்குப் பதினாறாம் நாள் காரியம். போக வேண்டும். போனை ஊட்டிலேயே வைத்துவிட்டு.
4. 13ஆம் தேதி தலைச்சோலைக்கு வண்டி விடலாமா என்று அப்பாவிடம் கேட்க வேண்டும். கூட வருவீங்களா என்றும். பதிலை முன்கூட்டி எழுதி வைக்கக் கூடாது.
5. ஒன்பது கட்டத்தையும் புதிதாக வரைய வேண்டும். பென்சிலில்.