வாளியில் குழாய்த் தண்ணீர்

ஏப்ரல் 28, செவ்வாய்

மருந்துக் கடையில் ஒரு வாரம் விடுப்பு கேட்டேன். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சரி என்றார். கல்யாணமாகி ஐந்து மாதத்தில் முதல் வெளியூர்ப் பயணம். அவரும் மகள் சிட்டுவும் வருடா வருடம் போகிற அதே கடற்கரை, அதே விடுதி, அதே நண்டு பிடித்தல். சிட்டுவின் அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அப்புறமும் இவர்கள் ஒரு வருடம்கூட விட்டதில்லையாம்.

சிட்டுக்குப் பதினொரு வயது. என்னிடம் அவள் காட்டுகிற மரியாதை இருக்கிறதே! "வேண்டாங்க", "இருக்கட்டுங்க", "நானே எடுத்துக்கறேங்க". மருந்து வாங்க வருகிறவர்கள்கூட என்னிடம் உரிமையோடு சண்டை போடுகிறார்கள். இவள் ஒரு முறை முகம் சுளித்தால் போதும், சர்க்கரை கொடுத்துக் கொண்டாடிவிடுவேன்.

மே 3, ஞாயிறு

படகுத்துறை முழுக்கக் குடும்பங்கள். இவ்வளவு பேர் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு கயிறு, நுனியில் மீன் தலை. தண்ணீரில் இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கயிறு லேசாக விறைத்தால் நண்டு வந்துவிட்டது. அப்புறம்தான் வித்தையே. மெல்ல, மெல்ல, நண்டுக்கே தெரியாமல் இழுக்க வேண்டும். தண்ணீர் மட்டத்துக்கு வருவதற்குள் இன்னொருவர் கீழே வலையை நுழைத்து ஏந்த வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் இரையை விட்டுவிட்டு ஓடிவிடும்.

எல்லோரும் ஜோடி ஜோடியாகப் பிடிக்கிறார்கள். சிட்டு மட்டும் தனி. இடது கையில் கயிறு, வலது கையில் வலை. பாதி தப்பிப் போகிறது, ஆனாலும் ஆறு பிடித்துவிட்டாள்! பின்பக்கமாக இரண்டு விரலால் தூக்கி, வயிற்றைத் திருப்பிப் பார்க்கிறாள். முட்டை இருந்தால் அப்படியே கடலுக்கு. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. அப்பாவோ நண்டு என்றால் பத்தடி தள்ளி நிற்கிறார். வீரர்!

"வலைய நான் பிடிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாங்க. உங்களுக்குக் கஷ்டம்."

ஐந்து மணிக்குச் சரிவுக் கல்லில் எல்லா வாளிகளையும் கவிழ்க்கிறார்கள். நண்டுகள் கடலைப் பார்த்து ஓட்டம். யாருடைய நண்டு முதலில் தண்ணீரைத் தொடுகிறதோ அவர்களுக்குக் கைதட்டல். பக்கத்து அறைப் பல் டாக்டர் தொண்டை கிழிய வர்ணனை செய்கிறார். நானும் கத்தினேன். வெட்கமில்லாமல் குதித்தேன்.

மே 4, திங்கள்

இன்றும் வலை கேட்டேன். இன்றும் வேண்டாமாம்.

மே 5, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

மத்தியானம் சாப்பிடப் போகும்போது சிட்டு, "வாளிய கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்றாள். ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி. தலைகால் புரியவில்லை எனக்கு. எட்டிப் பார்த்தேன். ஒன்பது நண்டு. தண்ணீர் கலங்கி, நுரை கட்டி, ஒரே நாற்றம். பாவம், இதிலா கிடப்பது? வாளியின் வாயில் வலையை வைத்து அழுக்கை வடித்துவிட்டு, துறை ஓரத்துக் குழாயில் பளிச்சென்று தண்ணீர் பிடித்து ஊற்றினேன். அதோடு விட்டேனா? குடையைச் சாய்த்து நிழல் வேறு. கொஞ்ச நேரத்தில் சலசலப்பு அடங்கியது. சுகமாகத் தூங்குகின்றன என்று நினைத்தேன்.

வெயில் தாழ்ந்து நாலு மணிக்குச் சிட்டு வந்தபோது எல்லாம் மல்லாந்து கிடந்தன. அவள் வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு இல்லை. கடல் நண்டு நல்ல தண்ணீரில் பிழைக்காது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மருந்தை மில்லி மில்லியாக அளந்து கொடுக்கிறவள் நான்!

பல் டாக்டரின் மகள் ஓடி வந்தாள். "அய்யய்யோ, எல்லாம் செத்துப்போச்சு! யாரு தண்ணி மாத்துனது?"

சிட்டு என்னை ஒரு முறை பார்த்தாள்.

"நான்தான். ஞாபகமில்லாம குழாய்த் தண்ணி ஊத்திட்டேன்."

"இத்தனை வருஷமா வர்ற, இதுகூடத் தெரியாதா உனக்கு?"

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். துறையிலேயே கெட்டிக்காரி, தலை குனிந்து நின்றாள். நான்... சொல்லவில்லை. நாற்பது வயதுக் கழுதை, பதினொரு வயதுப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சீ! நானும் ஒரு மனுஷியா?

மே 6, புதன்

ஐந்து மணிக்கு எல்லோரும் சரிவுக் கல்லில் கூடியதும் சொல்லிவிட்டேன். "நேத்து தண்ணி ஊத்துனது சிட்டு இல்ல. நான்தான். என்னைக் காப்பாத்த அவ பொய் சொன்னா."

"அட, விடுங்கம்மா!" என்றார் பல் டாக்டர். "முதல் வருஷம் நான் ஐஸ் கட்டியே போட்டேன். நண்டுக்குக் குளுகுளுன்னு இருக்கட்டும்னு!"

"ஒண்ணா ரெண்டா, பதினாலு நண்டு செத்துச்சு!" என்றார் அவர் மனைவி. ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையோடு சேர்ந்து.

சிட்டு மட்டும் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். "ஏன் சொன்னீங்க? நான்தான் சமாளிச்சிட்டேன்ல?"

"நீ எதுக்கும்மா பழிய ஏத்துக்கிட்ட?"

"முதல் தடவ வந்திருக்கீங்க. எல்லாரும் சிரிச்சா அடுத்த வருஷம் வர மாட்டீங்கன்னு நினைச்சேன்."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அப்படியானால் நான் வர வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்!

"அப்புறம் ஏன் எதுக்கெடுத்தாலும் வேண்டாங்க, இருக்கட்டுங்க?"

"அப்பாதான் சொன்னாரு. உங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு."

அறைக்குப் போய் அந்த மகானை ஒரு பிடி பிடித்தேன். நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று விழித்தார். நானும் நல்லதுக்குத்தான் நண்டுக்குத் தண்ணீர் மாற்றினேன். என்ன பொருத்தமான ஜோடி!

மே 8, வெள்ளி

கடைசி நாள். காலையில் துறைக்குப் போனதும் சிட்டு வலையை என் கையில் திணித்தாள்.

கயிறு விறைத்தது. பெரியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். நிழலாகத் தெரிந்ததுமே எனக்குப் பொறுக்கவில்லை, வலையைத் தூக்கிவிட்டேன். நண்டு போயே போய்விட்டது.

"அய்யோ! யாரு இப்ப தூக்கச் சொன்னது? எவ்ளோ பெருசு தெரியுமா? கண்ண எங்க வச்சிருக்க?"

துறையே திரும்பிப் பார்த்தது. பத்தடி தள்ளி நின்றவர் பதறிப்போய், "சிட்டு! என்ன பேச்சு இது?" என்று ஓடி வந்தார்.

"நீங்க சும்மா இருங்க," என்றேன். "இது எங்க விவகாரம்."

அவள் கயிற்றை மறுபடி இறக்கினாள். "இந்தத் தடவையாவது நான் சொல்றப்ப தூக்கு."

குனிந்து வலையைப் பிடித்தேன். கண் நிறைந்து தண்ணீரில் எதுவும் தெரியவில்லை. அந்த நண்டும் போயிற்று. அதற்கும் திட்டு வாங்கினேன்.