கரி பஸ்ஸின் கதகதப்பு

அன்புள்ள மச்சானுக்கு,

நான் இருக்கிறேன். பெட்ரோலெல்லாம் உங்கள் பட்டாளத்துக்குப் போய்விடுவதால், இங்கே பஸ்கள் கரியில்தான் ஓடுகின்றன. பஸ்ஸுக்குப் பின்னால் பெரிய அடுப்பு; அதிலிருந்து வரும் கரிக்காற்றில் எஞ்சின் ஓடும். கோரிப்பாளையம் தகரக் கொட்டகைக்குள் காலையில் அதை மூட்டிக் காற்றடிப்பது சிவனாண்டி அண்ணன் வேலை.

மார்கழிப் பனியில் வெற்றிலைக் கூடையும் பிள்ளையுமாகக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தேன். "பிள்ள வெறைக்குது தாயி. உள்ள தூளி கட்டித் தாரேன், அடுப்புச் சூட்டுல நல்லாத் தூங்குவான்" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. புகை பட்டால் வெற்றிலை வாடிவிடும் என்று கூடையை மட்டும் வெளியிலேயே வைத்துக்கொண்டேன்.

அன்று நல்ல வியாபாரம். பிள்ளை ஒரு தடவைகூட அழவில்லை. எம்புட்டுச் சமர்த்து என்று நினைத்தேன்.

பால் கொடுக்க உள்ளே போனால், அண்ணன் அடுப்படியில் மயங்கிக் கிடந்தார். வெளியே இழுத்துப்போட்டுத் தண்ணீர் தெளித்ததும் அவர் எழுந்துவிட்டார்.

அவரைத் திட்டி எழுதாதீர்கள். "அந்தக் கரிக்காத்து ஆளக் கொல்லும்னு ஒருத்தனும் சொல்லலியே தாயி" என்று தலையிலடித்துக்கொண்டு அழுதவர், மறுநாளும் அதே அடுப்பைத்தான் மூட்டினார்.

தூளிச் சேலையை நான் இன்னும் துவைக்கவில்லை.

பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை வாங்க அளவு கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம், மச்சான்.

உங்கள்
வெற்றிலைக்காரி